மஞ்சள் வரும்வரை

“அடுத்த மாசம்” என்று சொல்லிச் சொல்லி, அப்படிச் சொல்கிறோமே என்ற கூச்சம்கூட என் வாய்க்கு விட்டுப்போயிருந்த காலம் அது. எண்பதுகளின் கடைசி. மலேசியாவின் சுங்கைப்பட்டாணியில் ஒரு கல்யாண வீடியோக் கடையில் எனக்கு வேலை. வருகிறவர்களை உட்காரவைத்து, முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, “டேப் இன்னும் ரெடியாகலம்மா, கம்ப்யூட்டருக்கு ஒரு சாமான் வரணும், அடுத்த மாசம் வந்துரும்” என்று சொல்லி அனுப்புவது அந்த வேலையில் பாதி. மீதிப் பாதி, அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருப்பது.

எனக்குச் சொந்த ஊர் லூனாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அப்பா இறந்த பிறகு அம்மாதான் எங்களைக் கரையேற்றினார். டைப்பிங் முடித்து, பினாங்கில் கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போய்வந்தவள் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலுக்கு வெளியே நிற்கும்போது, “இதுதான் அந்தக் கம்ப்யூட்டர் புள்ள” என்று யாராவது சொன்னால் காதில் விழாததுபோல் பைபிளை மார்போடு அணைத்துக்கொள்வேன். நன்றாகக் காதில் விழும். சுங்கைப்பட்டாணியில் சித்தி வீட்டில் தங்கி வேலைக்குப் போனேன். சித்தி வீட்டிலும் எனக்கு மட்டும் முட்டை இரண்டாக வரும்.

முதலாளி வீடியோ கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் போய்க் கல்யாணம் எடுப்பவர். நல்ல மனிதர், ஆனால் புதிதாக எதையாவது பார்த்துவிட்டால் நிலைகொள்ள மாட்டார். முன்பெல்லாம் மாப்பிள்ளை பெண் பெயர்களை அட்டையில் எழுதி, அந்த அட்டையைப் படம் எடுத்து டேப்பின் தொடக்கத்தில் போடுவார். பினாங்கில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் எழுத்து டி.வி.யில் ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்தவர், அந்த வாரமே ஒன்றை வாங்கிவிட்டார். வந்திறங்கிய அன்று அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கினார். கடையில் ஏர்கோன் கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும்தான். வெயிலில் வந்த வாடிக்கையாளர்கள் வெளியே விசிறி மட்டையால் விசிறிக்கொண்டிருக்க, நான் உள்ளே குளிருக்கு ஜாக்கெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த ஜாக்கெட்டிலும் எனக்குப் பெருமைதான்.

பெருமை முதல் டேப்போடு கிழிந்தது. அந்தக் கம்ப்யூட்டரால் ஒரு நேரத்தில் நாலே நாலு நிறம்தான் காட்ட முடியும். கறுப்பு, வெள்ளை, ஐஸ்கட்டி நீலம், பஞ்சுமிட்டாய் ரோஸ். பெயர்களை ரோஸில் எழுதி, சுற்றிலும் நீலத்தில் பூ வைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா கடையிலேயே போட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“என்னாம்மா இது, கல்யாணமா, பேத்டே பார்ட்டியா? பேருல ஒரு பொட்டு மஞ்ச இல்ல.”

வேறு நிறத் தொகுப்பு ஒன்றும் இருந்தது. அதில் பச்சை, சிவப்பு, கூடவே மஞ்சள் மாதிரி ஒன்று. அந்த ‘மாதிரி’யில்தான் வினை. டி.வி.யில் அது பழுப்பாக வந்தது. அடுத்த வாடிக்கையாளர் ஒரு லாரி டிரைவர். மனிதர் மறைக்காமல் சொன்னார்: “தங்கச்சி, எம்மவன் பேர சாணியில எழுதிருக்கியேமா.” கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். எனக்குக் காது மடல்வரை எரிந்தது. உள்ளே போய் ஏர்கோன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கம்ப்யூட்டரை விற்ற சீனர் பினாங்கிலிருந்து அவ்வப்போது வருவார். அவர்தான் விளக்கினார். படம் முழுக்கப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்பதை கிராஃபிக்ஸ் கார்டு என்ற பலகை தன் மெமரியில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்களுடைய கார்டில் மெமரி குறைவு, அதனால் நிறமும் குறைவு. மெமரி அதிகமுள்ள புது கார்டு வரப்போகிறது, அதில் பொன்மஞ்சள், குங்குமச் சிவப்பு, கிளிப்பச்சை எல்லாம் வரும் என்றார். பையிலிருந்து ஒரு வண்ணத் தாளை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு கிளி. ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது.

“எப்ப வரும்?” என்று கேட்டார் முதலாளி.

“பூலான் டெப்பான்லா. கன்ஃபர்ம்.”

அடுத்த மாதம், நிச்சயம். முதலாளி அந்தக் கிளித்தாளைக் கவுண்டருக்குப் பின்னால் ஒட்டினார். அன்றே ஒரு முடிவும் எடுத்தார். இனிமேல் புது கார்டு வரும்வரை ஒரு டேப்பும் கடையைவிட்டு வெளியே போகாது. “எத்தன வருசம் ஆனாலும் சனங்க போட்டுப் பாக்கப்போற டேப்பு. ஒரு மாசம் பொறுக்க மாட்டாங்களா?” என்றார். நான் மறுக்கவில்லை. மறுப்பதென்ன, அவரைவிட எனக்குத்தான் அவசரம். சாணி என்று சிரித்தவர்கள் வாயை அடைக்க வேண்டும் என்றிருந்தது.

கவுண்டரில் பெண்கள் விளக்கம் கேட்டால் நான் அஞ்சறைப் பெட்டியைச் சொல்வேன். “நாலு கிண்ணம்தான் இருக்கிற பெட்டியில நாலு சாமான்தான வைக்க முடியும்? இப்பப் பெரிய பெட்டி வருது.” அவர்களும் தலையாட்டுவார்கள். சொன்ன உவமையை எண்ணி நானே மெச்சிக்கொள்வேன். என் வயசுப் பிள்ளைகள் வரப்போகிற மாப்பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நான் வரப்போகிற மெமரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கட்டம் போட்ட தாள் வாங்கி, ஒவ்வொரு கட்டத்திலும் கலர் பென்சிலால் நிறம் தீட்டி, வரப்போகிற கார்டுக்காக ஒரு படத்தைத் தயார் செய்துவைத்தேன். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மல்லிகைச் சரம், சிவப்புப் பட்டு, நடுவில் மஞ்சள் கயிற்றில் தாலியை ஏந்திய இரண்டு கைகள். அந்தக் கைகளுக்கு நகம்கூட வைத்தேன்.

பூலான் டெப்பான் வந்தது, போனது. மறுபடியும் ஒன்று வந்தது. டேப்புகள் அலமாரியில் ஏறிக்கொண்டே போயின.

புக்கிட் செலம்பாவிலிருந்து ஒரு அம்மா வருவார். காலையில் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிவிட்டு, குளித்து, இஸ்திரிப் பெட்டி போட்ட சேலை கட்டி, பஸ் பிடித்து வந்து சேர நடுமதியம் ஆகிவிடும். கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார். வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டார். “பசியாறிட்டியா புள்ள?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. டேப்பைப் பற்றிக் கடைசியில்தான் கேட்பார், ஏதோ போகிறபோக்கில் ஞாபகம் வந்ததுபோல. கணவர் முன்பே இறந்துவிட்டார். ஒரே மகள். சுங்கைப்பட்டாணியில் மின்சாமான் ஃபேக்டரியில் வேலை பார்த்தவள். ஜொகூரிலிருந்து நல்ல இடம் வந்தது என்று கல்யாணத்தை முடித்தார். கல்யாணம் முடிந்த கையோடு மகள் ஜொகூருக்குப் போய்விட்டாள்.

ஒருநாள் கடையில் வேறு ஆள் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

“அவ இப்ப வேணாம்னுதான் சொன்னா புள்ள. இன்னும் கொஞ்ச நாளு வேலைக்குப் போறேன்னா. நாந்தான், நல்ல எடம், விட்டா வராதுன்னு நச்சரிச்சேன். கடைசில, சரிம்மா உங்க இஷ்டம்னு சொல்லிட்டா. அந்த ‘உங்க இஷ்டம்’தான் எனக்கு இன்னும் தொண்டையில நிக்குது.”

“இப்ப நல்லாத்தான இருக்காங்க?”

“ஃபோன்ல நல்லா இருக்கேன்னுதான் சொல்றா. ஃபோன்ல வேற என்னா சொல்லுவா? தாலி ஏறினப்ப அவ மூஞ்சி எப்பிடி இருந்துச்சின்னு நான் பாக்கணும். பக்கத்து வீட்டுக்காரி, அழுதாங்கிறா. நாத்தனாரு, சிரிச்சாங்கிறா. பெத்தவ நான் பாத்தா தெரிஞ்சிரும் புள்ள.”

“நீங்க அங்க இல்லியா?”

“நான் பின்கட்டுல இருந்தேன். சாமான் எடுத்துக் குடுத்துக்கிட்டு. கெட்டிமேளம் கேட்டுச்சி. அம்புட்டுதான்.”

அவர் வேலையாக இருந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். என் அக்கா கல்யாணத்தின்போது எங்கள் அம்மாவும் கைம்பெண்தான். ஆனால் கோயிலில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, ஃபாதர் தாலியை மந்திரிப்பதிலிருந்து எல்லாவற்றையும் கண்ணாரப் பார்த்தார். தாலி கட்டும் நேரத்தில் பெற்ற தாயே தன்னைப் பின்கட்டில் நிறுத்திக்கொள்வாள், யாரும் போகச் சொல்லாமலேயே போய்விடுவாள் என்பது எனக்கு உறைக்கவில்லை. தோட்டத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் இந்துக் குடும்பங்கள்தான். அவர்கள் வீட்டுப் பொங்கலைத் தின்று வளர்ந்தவள் நான். இது தெரியாமல் இருந்ததற்கு நான் என்ன சாக்குச் சொல்வது?

“அதனால என்னாம்மா, வீடியோவுல நல்லாப் பாத்துக்கலாம்” என்றேன்.

அவர் கிளித்தாளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “மஞ்ச இல்லாட்டியும் பரவால்ல புள்ள. பேரே வேணாம். எடுத்தது எடுத்தபடி நீ குடுத்துடேன். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றார்.

அப்போது நான் சொன்ன பதிலை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. “நீங்களே இப்படிச் சொல்லலாமாம்மா? ஒரே பொண்ணு கல்யாணம். மஞ்சள் இல்லாம ஒரு டேப்ப வீட்டுக்குள்ள கொண்டுபோனா நாலு பேரு என்னா சொல்லுவாங்க?” என்றேன். மஞ்சளும் குங்குமமும் தனக்கு ஆகாது என்று ஒதுங்கிப் பின்கட்டில் நின்ற ஒரு பெண்ணுக்கு, ஏர்கோன் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நான் மஞ்சளின் மகிமையை எடுத்துச் சொன்னேன். அவர் வெறும் நெற்றியோடு என்னைப் பார்த்து, தப்புச் செய்துவிட்டவர்போல் தலையைக் குனிந்துகொண்டார். “அதுவும் சரிதான்” என்றார். வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார்.

கடைசியில் ஒருவழியாக அந்த கார்டு வந்தது. சீனர் கையில் ஒரு அட்டைப் பெட்டியோடு மழையில் நனைந்து வந்தார். பெட்டியைச் சட்டைக்குள் வைத்து மறைத்திருந்ததால் அது மட்டும் நனையவில்லை. கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி, பழைய பலகையைப் பிடுங்கி, புதியதைச் செருகினார். பக்கத்து டெய்லர், எதிர்க்கடை மோட்டார் சாமான்காரர் என்று எல்லாரும் ஏர்கோன் அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். முதலில் அந்தக் கிளி வந்தது. “அடேங்கப்பா!” என்றார் டெய்லர். முதலாளி என் பக்கம் திரும்பி, “மஞ்ச போடும்மா” என்றார். திரை முழுக்க மஞ்சளைக் கொட்டினேன். பழுப்பில்லை, மாதிரியில்லை. அரைத்து வைத்த மஞ்சள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒரு நிறத்துக்காக அழுத மகராசி நான்.

கட்டத்தாளில் வைத்திருந்த என் படத்தைப் புள்ளி புள்ளியாக ஏற்றினேன். குத்துவிளக்குச் சுடரில் ஆரஞ்சுக்குள் மஞ்சள், மஞ்சளுக்குள் வெள்ளை. முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பேரு ஆரம்பத்துல வருது. இந்தப் படத்த எங்க போடறது?” என்றவர், தானே பதிலும் கண்டுபிடித்தார். “தாலி கட்டற எடத்துல! நம்ம சனங்க அந்நேரம் பாத்து எழுந்து நின்னுக்கிறானுங்க. பாதி டேப்புல முதுகுதான் தெரியுது. கெட்டிமேளம் பாட்டுக்கு ஓடட்டும், மேல இந்தப் படம் நிக்கட்டும். எப்பிடி இருக்கும்?”

“சூப்பரா இருக்கும்ணே” என்றேன். என் படம் டேப்பின் உச்சிக்குப் போகிறது. எனக்கு வேறென்ன வேண்டும்?

வேலை இப்படி. ஒரு பிளேயரில் எடுத்த டேப் ஓடும், இன்னொரு மெஷினில் வாடிக்கையாளருக்கான டேப் பதிவாகும். நடுவில் ஒரு சுவிட்ச். அழுத்தினால் சத்தம் அப்படியே போகும், படம் மட்டும் கல்யாணத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறும். மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்துப் பக்கம் போகும்போது அழுத்த வேண்டும், கைகள் கீழே இறங்கியதும் விட வேண்டும். நான் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். கறுத்த கை, சிவந்த கை, நடுங்குகிற கை, கடிகாரம் கட்டிய கை. அலமாரியில் இருந்த டேப்புகள் ஒவ்வொன்றாக இறங்கின. கல்யாண மாதம் தொடங்கிவிட்டதால் முதலாளிக்குக் காலி டேப் தேவைப்பட்டது. வேலை முடிந்த மூல டேப்புகளை அவ்வப்போது அள்ளிக்கொண்டு போய் அவற்றின் மேலேயே புதுக் கல்யாணங்களைப் பதிவுசெய்தார். எங்கள் கடையில் எப்போதும் அதுதான் வழக்கம்.

புக்கிட் செலம்பாவ் அம்மாவின் டேப் வந்தபோது எனக்கு அவர் ஞாபகம் வந்தது. வராமல் இல்லை. இவர்தான் எல்லாரையும்விட அதிகமாகக் காத்திருந்தவர், இவருக்கு மட்டும் ஏதாவது கூடுதலாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. அதனால் மாப்பிள்ளையின் கைகள் கீழே இறங்கிய பிறகும் நான் சுவிட்சை விடவில்லை. மேளம் அடங்கும்வரை என் படத்தை அப்படியே நிற்கவைத்தேன்.

டேப்பைக் கொடுத்தபோது அவர் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினார். வீட்டில் டி.வி. இல்லை என்பதால் அதையும் பிளேயரையும் கடையிலிருந்தே வாடகைக்கு எடுத்தார். “போடத் தெரியாது, நீயும் வாயேன் புள்ள. நீயே வந்து போட்டா எனக்குச் சந்தோசம்” என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நல்ல கவுனோடு முதலாளியின் வேனில் போய் இறங்கினேன். முதலாளி அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார்.

லயத்து வீடு, தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்று. வெளிச்சம் வராமல் இருக்க ஜன்னலில் கைலியைத் தொங்கவிட்டிருந்தார்கள். பாயில் பிள்ளைகள், சுவரோரம் பெண்கள். எனக்கு மட்டும் நாற்காலி. அந்த அம்மா கதவோரம் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

“இன்னிக்காச்சும் முன்னால வாங்க. இங்க யாரு உங்கள என்னா சொல்லப் போறா?” என்றவர், என் பக்கம் திரும்பினார். “கல்யாணத்தன்னிக்கு எவ்ளோ கூப்புட்டோம் தெரியுமா தங்கச்சி? நான் வரக் கூடாது, புள்ளைக்கு ஆகாதுன்னு அடுப்பாங்கரையிலயே நின்னுக்கிச்சி. தாலி கட்டுனத இப்பத்தான் பாக்கப் போவுது.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்கட்டு என்றால் என்ன, முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் என்ன, எடுத்தது எடுத்தபடி கொடு என்றால் என்ன, எல்லாம் ஒரே சமயத்தில் வந்து மண்டையில் இறங்கின. கூடவே, அந்த டேப்பில் அடுத்து என்ன வரப்போகிறது என்பதும். பிளேயர் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லலாமா, கரண்டு போகாதா, மாதாவே என்றெல்லாம் மனசு ஓடியது. ஒன்றும் நடக்கவில்லை. டேப் ஓடத் தொடங்கியது.

பெயர்கள் மஞ்சளில் வந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். “பாத்தியா, எவ்ளோ அழகா போட்டிருக்காங்க” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் திரும்பச் சிரித்தேனா என்று நினைவில்லை. நலங்கு, மாலை, மாப்பிள்ளை அழைப்பு என்று ஓடியது. பெண் மணவறைக்கு வந்து உட்கார்ந்தாள். குனிந்த தலை, நெற்றிச்சுட்டி மட்டும் ஆடுகிறது. அந்த அம்மா முழங்காலில் ஊன்றியபடி டி.வி.யை நோக்கி நகர்ந்தார். ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளையின் கை மேலே போனது. கெட்டிமேளம் கொட்டியது. பெண் தலையை நிமிர்த்தத் தொடங்கினாள்.

என் படம் வந்தது.

குத்துவிளக்கு, மல்லிகைச் சரம், சிவப்புப் பட்டு, நகம் வைத்த கைகள். மேளம் முழங்கிக்கொண்டே இருந்தது. அந்த அம்மா தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், பிறகு அந்தப் பக்கம் சாய்த்தார். முன்னால் யாரோ மறைத்துக்கொண்டு நின்றால் எட்டிப் பார்ப்போமே, அதேபோல. படம் நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. கூடுதலாக நான் கொடுத்திருந்த நேரம் அத்தனையும் நின்றது. அது போனபோது பெண்ணின் கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் குங்குமம் வைத்தாகிவிட்டது, யாரோ எதையோ சொல்ல எல்லாரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கொஞ்சம் பின்னால போவுமா புள்ள?” என்றார்.

பின்னால் ஓட்டிப் போட்டேன். மறுபடியும் கை மேலே போனது, மறுபடியும் விளக்கு வந்தது.

“இதுக்குப் பின்னாடி இருக்கா? இத எடுத்துட்டுப் பாக்க முடியுமா?”

“முடியாதும்மா” என்றேன். முழுவதையும் சொல்லித் தொலைத்துவிட வேண்டும் என்றிருந்தது. “எடுத்த டேப்பும் இல்லம்மா. அதுமேல வேற கல்யாணம் எடுத்துட்டாங்க.”

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “என்னாலா இது? தாலி கட்டறத மறைச்சிட்டு வெளக்குப் படத்தக் காட்டறீங்க? வெளக்கு எங்க வூட்ல இல்லியா? இதுக்கா இத்தன மாசம் அலையவிட்டீங்க?” என்று பிடித்துக்கொண்டார். அவர் கேட்டதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. பாயிலிருந்த பிள்ளைகள்கூட என்னையே பார்த்தார்கள். நல்ல கவுன் போட்டு வந்ததுகூட எனக்கு அந்த நேரம் அவமானமாக இருந்தது.

“அந்தப் புள்ளய ஒண்ணும் சொல்லாதே” என்றார் அந்த அம்மா. “அதுவா வேணும்னு செஞ்சிருக்கும்? நமக்காகத்தான் பாத்துப் பாத்து வரைஞ்சிருக்கு.” பிறகு பாயைவிட்டு எழுந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் முழங்கால்மேல் கையை வைத்தார். பால் வெட்டி வெட்டிக் காய்த்துப்போன கை.

“நீ பாத்திருப்பதான புள்ள? இதெல்லாம் செய்யறப்ப நீ பாத்திருப்ப. சும்மா சொல்லு, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். எம்மவ அழுதாளா, சிரிச்சாளா?”

உலகத்திலேயே அந்த முகத்தை அத்தனை பக்கத்தில், கண்ணாடித் திரையில், நிறுத்தி நிறுத்திப் பார்க்க வாய்ப்பிருந்த ஒரே ஆள் நான்தான். யோசித்தேன். மனசை எவ்வளவு கசக்கிப் பிழிந்தும் மாப்பிள்ளையின் கைதான் வந்தது. முழங்கைவரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை, மணிக்கட்டில் காப்புக் கயிறு. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

“மூஞ்சியப் பாக்கலம்மா” என்றேன். “கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். எப்ப படம் போடணும்னு.”

திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது.

“நீயும் பாக்கலியா” என்றார். அவ்வளவுதான். கையை என் முழங்காலிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்து அடுப்பாங்கரைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கோப்பை இருந்தது. “இந்தா, தேத்தண்ணி. ஆறிடும், குடி” என்றார்.

எழுந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. வேண்டாம் என்று சொல்லும் முகம் எனக்கு ஏது? பின்னால் டேப்பில் பந்தி ஓடிக்கொண்டிருக்க, எல்லாரும் பார்க்க, சீனி தூக்கலாகப் போட்டிருந்த அந்தத் தேநீரை அடிவரை குடித்தேன்.